இரண்டாவது கால்

அப்பாவுக்கென்று தானே வடிவமைத்த கைப்பட்டையைப் பிரித்து, உள்ளிருந்த சர்க்யூட் போர்டை விளக்கடியில் வைத்தாள் பூரணி.

"நான் விழுந்தா உனக்குத் தெரிஞ்சிருமாம்மா?" என்று அதைக் கட்டிவிட்டபோது அவர் கேட்டிருந்தார்.

"உடனே என் போன் அடிக்கும்ப்பா."

அவர் குளியலறையில் விழுந்து, கிடந்து, உயிர்விட்ட அன்று முழுக்க அந்தப் போன் அவள் கைப்பையில் சும்மா இருந்தது.

அதிலிருந்த, அசைவை உணரும் சிப்புக்குச் சேதி சொல்ல ஊசிபோல் இரண்டு உலோகக் கால்கள் உண்டு. விழுந்தால் இரண்டாவது காலில் சொல் என்று புரோகிராமில் எழுதியவள், போர்டில் போனுக்குச் சேதி அனுப்பும் பகுதியிலிருந்து முதல் காலுக்கு மட்டும் செம்புத் தடம் இழுத்திருந்தாள். இரண்டாவது எதையும் தொடாமல் நின்றது.

மல்டிமீட்டரின் முனையை அதன்மேல் வைத்தாள். மூன்று வோல்ட் காட்டியது; சேதி இருக்கிறது என்று அர்த்தம். சிப் அன்றே சொல்லியிருக்கிறது. யாராவது படிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருக்கும்படி அமைத்தவளும் அவள்தான்.

கதவருகே வந்த கணவன் தயங்கி, "பேட்டரியைக் கழட்டிரவா?" என்றான்.

போர்டைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க. அப்பா இன்னும் கூப்பிட்டுக்கிட்டு இருக்காரு."