ஏழாம் நம்பர் வேன்

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒருவரை வேலையை விட்டு நிறுத்த வேண்டிவரும் என்று புனிதா நினைக்கவில்லை.

ஷா ஆலாமில் பதினோரு வருஷம் தொழிற்சாலை பஸ்களைக் கவனித்தவள். இப்போது கிள்ளானில் ஒரு தனியார் பள்ளிக்குப் போக்குவரத்துப் பொறுப்பாளர். பன்னிரண்டு வேன்கள், இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள்.

முந்தைய பொறுப்பாளர் பழனியப்பன் சாவிகளை ஒப்படைக்கும்போதே சொன்னார்.

"ஃபேக்டரி பஸ் லேட்டானா ஒரு சூப்பர்வைசர்தான் ஏசுவான். இங்க ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டு சூப்பர்வைசர் வீட்டுலயே இருக்காங்கம்மா."

ஏழாம் நம்பர் வேனுக்கு மட்டும் நாலு நாளில் நாலு புகார். நாலும் யுகேந்திரன் என்ற ஒரு தகப்பனிடமிருந்து. வேன் போகிற வழியைப் பெற்றோர் கைப்பேசியிலேயே பார்க்கலாம். அவர் தினமும் பார்க்கிறவர்.

"ஆறு அம்பதுக்கு பெட்ரோல் ஸ்டேஷன்ல நிக்குது மேடம். எட்டு நிமிஷம் கழிச்சுத்தான் கிளம்புது. டிரைவர் தே தாரே குடிக்கிறதுக்கு எங்க பிள்ளைங்க நேரமா கிடைச்சுது?"

ஓட்டுநர் நாகையாவைக் கூப்பிட்டாள். ஐம்பத்தெட்டு வயது. பத்து வருஷமாக அதே வேன்.

"ஏன் அண்ணே நிப்பாட்டுறீங்க?"

"எஞ்சின் சூடாயிடுது மேடம்."

அன்று மத்தியானமே வேனைப் பட்டறைக்கு அனுப்பினாள். எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை என்று பதில் வந்தது.

மறுநாள் இடைவேளையில் அந்த வேனில் வரும் பிள்ளைகளைக் கேண்டீனில் பிடித்தாள். ஐந்தாம் ஆண்டு ஷாமினி முந்திக்கொண்டாள்.

"எஞ்சின் சூடு டீச்சர்."

இன்னும் நாலு பேரைத் தனித்தனியாகக் கேட்டாள். ஒரு சொல் மாறாமல் அதே பதில்.

புனிதாவுக்குக் கோபம் அப்போதுதான் வந்தது. நேரம் தவறுவதைக்கூட மன்னிக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லப் பழக்குவதா? சாயங்காலம் உட்கார்ந்து வேலை நீக்கக் கடிதத்தை அடித்து வைத்தாள். கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது.

மறுநாள் காலை தாமான் செந்தோசா குடியிருப்பில் நின்று வேனில் ஏறிக்கொண்டாள். வேன் பிள்ளைகளை ஏற்றும் கடைசி இடம் அதுதான். பதினாறு பிள்ளைகளும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். நாகையா அவளைப் பார்த்தார். வேனை எடுத்தார்.

ஆறு ஐம்பதுக்கு வேன் பெட்ரோல் ஸ்டேஷனுக்குள் திரும்பி நின்றது.

யாரும் சொல்லாமலே பிள்ளைகள் இறங்கினார்கள். ஓரத்துப் புல்தரையில் வேனுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றுகொண்டார்கள். நாகையாவும் இறங்கி, "வாங்க மேடம்" என்று கூப்பிட்டு, அவள் இறங்கியதும் கதவைச் சாத்தினார்.

உள்ளே, கடைசி சீட்டில் ஒரு பிள்ளை மட்டும் இருந்தாள். இரண்டாம் ஆண்டு இருக்கும். முகத்தைப் பையில் புதைத்துக்கொண்டு அழுதாள். தோள் குலுங்குவது கண்ணாடி வழியே தெரிந்தது.

"என்ன அண்ணே இது?"

"வீட்டு கேட்ல வேன் வர்ற வரைக்கும் அப்பாகிட்ட வாய்ப்பாடு ஒப்பிக்கணும் மேடம். ஒண்ணு தப்பினா முதல்லேர்ந்து. எல்லார் முன்னாலயும் ஏச்சு விழும். அங்க அழ மாட்டா. சந்து திரும்பினப்புறம்தான் அழுவா."

"அதுக்கு வேனை ஏன் நிப்பாட்டணும்?"

"ஒருநாள் வீங்கின முகத்தோட ஸ்கூல்ல இறங்கிட்டா. கிளாஸ்ல எல்லாம் சிரிச்சிருக்காங்க. மறுநாள் இந்தப் பிள்ளைங்கதான், அங்கிள் கொஞ்சம் நிப்பாட்டுங்க, அவ அழுது முடிக்கட்டும்னு சொன்னாங்க. எஞ்சின் கதையும் இவங்க கட்டினதுதான். நான் சும்மா தலையாட்டினேன் லா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கோம் மேடம்."

கொஞ்ச நேரத்தில் ஷாமினி ஈர டிஷ்யூவோடு வேனுக்குள் போனாள். அந்தச் சின்ன முகத்தைத் துடைத்துவிட்டாள். பவுடர்கூட வைத்திருந்தாள். பிறகு எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். ஒருவரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. நேற்றைய கால்பந்தைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

பள்ளியில் இறங்கியதும் புனிதா கேட்டாள். "யார் வீட்டுப் பிள்ளை அண்ணே?"

நாகையா தயங்கினார். பிறகு சொன்னார்.

புனிதா அலுவலகத்துக்குப் போய்க் கடிதத்தைக் கிழித்துப் போட்டாள். தொலைபேசியை எடுத்தாள்.

மத்தியானம் யுகேந்திரன் வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் அன்றைய காலை வேன் நின்ற நேரத்தைக் காட்டும் கைப்பேசி.

"டிரைவரை மாத்திட்டீங்களா மேடம்?"

"இல்ல சார். வேன் ஏன் நிக்குதுன்னு நானே போய்ப் பார்த்தேன். ஒரு பிள்ளை தினமும் வீட்டுலேர்ந்து அழுகையை அடக்கிக்கிட்டு வந்து ஏறுது. அழுது முடிச்சு முகம் துடைக்க எட்டு நிமிஷம் ஆகுது. மத்த பிள்ளைங்க காத்திருக்காங்க."

யுகேந்திரன் முகம் சுளித்தார்.

"இது என்ன மேடம் நியாயம்? யாரோ ஒரு பிள்ளை அழுவுதுன்னு என் மக நேரம் வீணாகணுமா? காலங்காத்தால பிள்ளையை அப்படி அழவச்சு அனுப்புறாங்களே, அவங்கல்லாம் என்ன பெத்தவங்க? முதல்ல அந்த அப்பனைக் கூப்பிட்டுப் பேசுங்க."

புனிதா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"கூப்பிட்டுட்டேன் சார். உட்காருங்க."