திரும்பி வராத பேஷண்ட்டுகள்

"உங்ககிட்ட வந்த பேஷண்ட் யாரும் திரும்ப வர்றதே இல்லையே, ஏன் சார்?"

பிசியோதெரபி கிளினிக்கின் முதலாளியம்மா முகத்துக்கு நேராகக் கேட்டதும் அங்கிளுக்கு முகம் சுண்டிப்போனது.

அங்கிள் என்பது கல்லூரிப் பிள்ளைகள் வைத்த பெயர். பெரிய கம்பெனியில் விற்பனை மேலாளராகக் கொடிகட்டிப் பறந்தவர், நாற்பதைத் தாண்டிய பிறகு வேலையை உதறிவிட்டு பிசியோதெரபி படிக்கப் போனார். மகன் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? படித்து முடித்து வேலைக்கு வந்தும் அந்தப் பெயர் விடவில்லை. முதலாளியம்மா மட்டும் வயதுக்கு மரியாதை கொடுத்து "சார்" என்பார்.

"நல்லாத்தான் கவனிக்கிறேன் மேடம்."

"அப்புறம் ஏன் பாதியிலயே நின்னுடறாங்க? பக்கத்து ரூம் தம்பியைப் பாருங்க. அவர்கிட்ட வர்றவங்க மாசக்கணக்கா வந்துக்கிட்டே இருக்காங்க. நீங்க ஈ ஓட்டிக்கிட்டு இருக்கீங்க."

அங்கிள் தரையைப் பார்த்தார்.

"ஒரு தடவை வந்தவர் மறுபடி வரலைன்னா, தப்பு நம்ம மேலதான் சார்."

இந்த வசனம் அங்கிளுக்கு மனப்பாடம். விற்பனைக் கூட்டங்களில் மேசையைத் தட்டித் தட்டி அவர் சொன்னதுதான். எதிரே தலை குனிந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது இன்றைக்குத்தான் விளங்கியது.

"இந்த மாசம் மட்டும் பார்ப்பேன். அதுக்கப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது" என்று முடித்தார் முதலாளியம்மா.

பக்கத்து அறைத் தம்பி கெட்டவரில்லை. இதமாகச் சூடு தரும் மெஷினை முதுகில் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசுவார். வந்தவர்கள் கண் சொக்கிப் படுத்திருப்பார்கள். அங்கிளோ எடுத்த எடுப்பில், "வீட்டுல மாடிப்படி இருக்கா?" என்பார். இருந்தால் அதில் எப்படி ஏறி இறங்குவது என்று சொல்லித் தருவார். இல்லையா, ஒரு நாற்காலியும் துண்டும் போதும். "இதை வீட்டுலயே விடாமச் செய்யுங்க" என்று அனுப்பிவிடுவார். மனுஷன் இடுப்பை ஒடிக்கிறாரே என்று முனகிக்கொண்டே போவார்கள். கைத்தடியோடு வந்த தையல்கடைக்காரர் அப்படித்தான் போனார், இந்தப் பக்கமே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அடுத்த செய்தியைச் சொன்னாள்.

"உங்க பழைய எம்.டி. மறுபடியும் போன் பண்ணினார். உங்க நாற்காலி காலியாத்தான் இருக்காம். நாளைக்குள்ள பதில் வேணுமாம்."

"நீ என்ன சொல்றே?"

"அங்க இருந்தப்ப சாப்பிடும்போதும் போனும் கையுமாத்தான் இருப்பீங்க. இப்ப என் முகத்தைப் பார்த்துப் பேசறீங்க. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. ஆனா நீங்க இப்படி வாடிப்போய் உக்காந்திருந்தா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."

"ஜெயிச்சுக்கிட்டு இருந்த வேலையை விட்டுட்டு, தோத்துப்போறதுக்கு மெனக்கெட்டுப் படிச்சிருக்கேன்."

"குணமாகி நின்னாங்களா, பிடிக்காம நின்னாங்களா? ஒரு போன் போட்டுக் கேட்டா தெரிஞ்சுடும்ல?"

"ஆள் பிடிக்கிற மாதிரி இருக்காதா? அது வேண்டாம்னுதானே அங்கயிருந்து வந்தேன்."

அவள் சாதத்தை இன்னொரு கரண்டி வைத்தாள்.

மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் அந்தத் தையல்கடைக்காரரையே அங்கிள் பார்த்துவிட்டார். சந்தோஷமாகக் கையைத் தூக்கினார். மனிதர் கண்டுகொண்டால்தானே? கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடினார், கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறினார், போயே போய்விட்டார்.

நின்று ஒரு வார்த்தை பேசியிருந்தால் குறைந்தா போயிருப்பார்? அங்கிளுக்கு மனசே விட்டுப்போனது. இத்தனை நாள் குனிந்து நிமிர்ந்து வேலை பார்த்ததற்கு ஒரு சிரிப்புகூட மிச்சமில்லை. எம்.டி.யிடம் வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று அங்கேயே முடிவு செய்தார். முதலில் முதலாளியம்மாவிடம் சொல்ல வேண்டும்.

"மேடம், ஒரு விஷயம்..."

"அப்புறம் சொல்லுங்க சார். இவங்க எங்கம்மா. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, இடுப்புல ஆபரேஷன் ஆகியிருக்கு. இனிமே நடக்கப் பழக்கணும்."

சக்கர நாற்காலியில் ஓர் அம்மா உம்மென்று உட்கார்ந்திருந்தார். அங்கிளுக்கு வந்த காரியம் மறந்துவிட்டது. அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"அம்மா, வீட்டுல மாடிப்படி இருக்கா?"

"இருக்கு. என் ரூமே மாடியிலதான். இப்ப கீழ பார்சல் மாதிரி கிடக்கேன். யாரும் பிரிச்சுக்கூடப் பார்க்கிறதில்ல."

அங்கிள் சிரித்துவிட்டார். அந்த அம்மாவும் சிரித்தார். பிறகுதான் வந்த காரியம் ஞாபகம் வந்து, அங்கிள் மெதுவாக எழுந்தார்.

"மேடம், அம்மாவைப் பக்கத்து ரூம் தம்பியே பார்க்கட்டும். அவர்கிட்டதான் எல்லாரும் விடாம வர்றாங்க. நான்..."

முதலாளியம்மா பதறிப்போய் எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஐயோ, அவர் வேண்டாம் சார்! மாசக்கணக்கா இழுத்தடிப்பார். நீங்களே பாருங்க" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "எங்கம்மா சீக்கிரமா இங்க வர்றதை நிறுத்தணும்."