இலைமேல் இரண்டு கைகள்

கூடுவாஞ்சேரி கல்யாண மண்டபத்தில் மதிய வெயில் பக்கவாட்டு ஜன்னல் வழியே பந்தியில் விழுகிறது. தண்ணீர் தெளித்த இலைகள் பளபளக்கின்றன. கரண்டி இடிக்கும் சத்தத்தோடு பிரியாணி வாளி நெருங்கி வருகிறது. இரண்டாம் வகுப்பு படிக்கும் ஷைனி இன்றுதான் முதல்முறையாக அம்மா பக்கத்தில் இல்லாமல், சித்தி பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள். புரதத்தில் இருக்கும் ஒரு சத்தை அவள் உடம்பால் உடைக்க முடியாது, பிறவிக் குறை. அது ரத்தத்தில் சேரச் சேர மூளையைத் தாக்கும். கறி, முட்டை, பால், பருப்பு எதுவும் ஆகாது. அவள் இலையில் வீட்டு டப்பாவிலிருந்து கொட்டிய ஜவ்வரிசி உப்புமா மட்டும் இருக்கிறது. “இன்னா பாப்பா, கல்யாண வூட்ல உப்புமாவா? ஒரே ஒரு பீஸு வெக்கிறேன்” என்று பரிமாறுகிறவர் குனிகிறார். எதிர் வரிசையில் அம்மா செல்வமேரி பாதி எழுந்துவிடுகிறாள். அதற்குள் ஷைனி இரண்டு கைகளையும் இலைமேல் விரித்துவிடுகிறாள். “வேணாம் அண்ணா. கறி சாப்ட்டா எனக்கு மூளை கெட்டுடும். வெள்ளரிக்கா இருந்தா வைங்க.” குரலில் தயக்கமில்லை, ஏக்கமும் இல்லை. அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு வெள்ளரிக்காய் எடுக்க உள்ளே போகிறார். “நீ போய்ப் பாக்கலையா?” என்று செல்வமேரியிடம் கேட்கிறார் பக்கத்தில் இருக்கும் கணவர் பிரிட்டோ. செல்வமேரி மெல்ல உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொள்கிறாள். பக்கத்து இலைக்காரர்களுக்கும் கேட்கும்படி சொல்கிறாள்: “எதுக்கு? என் பொண்ணுக்கு யாரும் சொல்லித் தர வேணாம்.”