சந்தைக்குப் போகும் பின்னல்

பீச் மரத்தடி முக்காலியில் யூகாய் உட்கார்ந்திருக்கிறான். அவன் மனைவி சியூலான் பின்னால் நின்று அவனுடைய நீண்ட முடியைப் பின்னுகிறாள். வெயில் இன்னும் சுவரைத் தாண்டவில்லை. முட்டைக்கோஸ் கூடைகள் மூங்கில் தடியோடு படலருகே காத்திருக்கின்றன. 1912 பிறந்ததும் பிறக்காததுமாகப் சிறுவப் பேரரசர் அரியணை இறங்கிவிட்டார். அவர் வம்சம் கட்டாயமாக்கிய பின்னல் இனிச் சீனத்தில் ஆண்களுக்குக் கூடாதாம். நான்ஜிங் கோட்டை வாசலில் சிப்பாய்கள் கத்தரிக்கோலோடு நிற்கிறார்கள். காய் விற்க அந்த வாசலைத்தான் தாண்டியாக வேண்டும். "ஆறு வயசுப் பொடியன் எறங்குனதுக்கு என் தலையிலயா கை வைக்கணும்?" என்கிறான் யூகாய். "ஆடாம உக்காருங்க." சியூலானுக்குத் தினமும் சொல்லிப் பழகிய வாய்; இன்று அவன் ஆடவேயில்லை. பிடரியிலிருந்து இடுப்புவரை சீப்பு இறங்கும் சரசரப்பு மட்டும் கேட்கிறது. "எப்படியும் வெட்டப்போறான். எதுக்குடி இவ்வளவு இறுக்கிப் பின்னுற?" அவள் நுனியில் கறுப்புக் கயிற்றைக் கட்டுகிறாள். பிறகு, கலியாணமான நாள்முதல் செய்யாத ஒன்றைச் செய்கிறாள்: பிடரியில், பின்னல் தொடங்கும் இடத்திலும் ஒரு கயிறு சுற்றுகிறாள். "இந்தக் கட்டுக்கு மேல வெட்டச் சொல்லுங்க. பிரியாம அப்படியே எடுத்துட்டு வந்துடுங்க. நாளைப்பின்ன உங்களச் சவப்பெட்டியில வைக்கிறப்போ கூடவே வைக்கணும். பெத்தவங்க குடுத்த ஒடம்பு கொறையாமப் போய்ச் சேரணும்." "நான்தான் முந்திப்பேன்னு முடிவே பண்ணிட்டியா?" என்று சிரிக்கிறான். அவள் சிரிக்கவில்லை, கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சிடுகிறாள். வெயில் கூடைகள்மேல் விழுந்துவிட்டது. அவன் எழவில்லை. அவளும் பின்னலை விடவில்லை.