வாயில் வராத ஓர் எழுத்து

முப்பத்து மூன்று ரஷ்ய எழுத்துகளில் ஸ்கந்தன் குருக்களுக்கு முப்பத்திரண்டு வந்துவிட்டன. அவற்றில் இரண்டுக்கு ஓசையே கிடையாது. அவை முதல் நாளே வந்துவிட்டன.

வராதது ы.

செங்கம் சாலையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ரஷ்யப் பக்தை வேரா சொல்லிக்கொடுத்த வழி எளிமையானது. 'ஊ' சொல்லும்போது நாக்கு பின்னால் போகிறது, உதடு குவிகிறது. நாக்கை அங்கேயே விட்டுவிட்டு உதட்டை மட்டும் 'ஈ' சொல்வதுபோல அகட்ட வேண்டும்.

உதட்டை அகட்டினால் நாக்கும் கூடவே முன்னால் ஓடிவந்தது. நாக்கை நிறுத்தினால் உதடு குவிந்தது.

மூன்று வாரமாகக் கண்ணாடி முன் இதே வேலை. இன்று காலையும் மனைவி ஹைமவதி எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, பல்லு வலின்னா டாக்டராண்ட போங்கோளேன். கண்ணாடிய ஏன் பயமுறுத்தறேள்?"

குருக்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நம் நேரப்படி பகல் பன்னிரண்டு மணிக்கு, தூரத்துக் கசான் நகரில் வேராவின் அம்மா தைசியா க்ரிலோவாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதே நேரத்தில் இங்கே அவர் பெயருக்கு அர்ச்சனை.

அந்தக் 'க்ரி'யில்தான் ы உட்கார்ந்திருக்கிறது. தப்பாகச் சொன்னால் பலன் அம்மாவின் எதிர்வீட்டுக்காரிக்குப் போய்விடும் என்று வேரா பயந்தாள். எதிர்வீட்டுக்காரியின் பெயரில் இருப்பது சாதாரண 'க்ரி'. அவளுக்கு முழங்காலும் நன்றாக இருக்கிறது, அம்மாவோடு பேச்சுவார்த்தையும் இல்லை.

இருபது வருடத்தில் ஒருவர் பெயரையும் சிதைக்காத குருக்களுக்கு இது மானப் பிரச்சினை.

பதினொன்றே முக்காலுக்கு வேராவை அழைத்துக்கொண்டு வெளிப்பிரகாரத்தைக் கடந்தார். கவனமெல்லாம் வாயில் இருந்ததால் வெயிலுக்காக விரித்திருந்த கயிற்றுப் பாய் முடிந்ததைப் பார்க்கவில்லை. பங்குனி வெயிலில் கொதித்த கருங்கல்லில் இரண்டு காலும் பதிந்தன.

பல் இறுகியது. நாக்கு தொண்டைப் பக்கம் ஒதுங்கியது. உதடு இரண்டு காதையும் தொடப் போனது.

"ы" என்றார்.

வேராவின் கண் நிறைந்துவிட்டது. அசல் கசான் உச்சரிப்பாம்.

பின்னால் வேங்கிக்காலிலிருந்து வந்த ஒரு குடும்பமும் பாயைத் தவறவிட்டது. கணவன், மனைவி, மாமியார் மூவரும் குதித்துக்கொண்டே அதே எழுத்தைச் சுத்தமாகச் சொல்லிப் போனார்கள்.

ஆனால் நிழலில் கால் வைத்ததும் ы போய்விட்டது. கருவறைத் தரையோ சில்லென்றிருக்கும்.

குருக்கள் ஒரு நிமிடம் நின்றார். பிறகு வேராவின் தேங்காய்த் தட்டை வாங்கிக்கொண்டு, திறந்தவெளியில் இருக்கும் பிள்ளையாரிடம் திரும்பினார். முழங்கால் விவகாரத்தில் அவருக்கு அனுபவம் ஜாஸ்தி. தினம் எத்தனை தோப்புக்கரணம் பார்க்கிறார்.

அன்று முதல் ரஷ்யப் பெயர்களுக்கு முறை இதுதான்: பகல் பன்னிரண்டு மணி, வெயிலில் இருக்கும் பிள்ளையார், மந்திரம் முழுக்கப் பாய்மேல் நின்று. அந்த எழுத்து வரும்போது மட்டும் இடது காலைக் கல்லில் வைக்க வேண்டும்.