ஐந்தாவது பட்டை

“யளனக போனா? தங்கமான போனாச்சே! காலைல கடையத் தொறந்தா சாயங்காலத்துக்குள்ள அத்தனையும் காலி,” என்றார் மறுமுனையில் கைபேசிக் கடைக்காரர்.

சரிபார்ப்பவருக்குப் பாதி உயிர் வந்தது. பத்திரிகையில் வரும் புள்ளிவிவரப் படங்களுக்கு அவர்தான் காவல். போன மாதம் ஒரு வட்டப் படத்தை வேலை மெனக்கெட்டுக் கூட்டிப் பார்த்த வாசகர், நூற்றெட்டு சதவீதம் வருகிறதே என்று கேட்டுத் தொலைத்தார்.

“இன்னொரு தப்பு வந்துச்சுன்னா, உன் நாற்காலிய நீயே தூக்கிட்டு வீட்டுக்குப் போயிடு,” என்று ஆசிரியர் அன்பாகச் சொல்லியிருந்தார்.

இன்றைய படம் ஸ்மார்ட்போன் விற்பனை. ஐந்து நிறுவனங்கள், ஐந்து பட்டைகள். நான்குக்கு அறிக்கை கிடைத்து, எண்கள் அச்சு அசலாகப் பொருந்திவிட்டன. கடைசியில் சாம்பல் நிறத்தில் நின்ற ‘யளனக’வுக்குத்தான் ஆதாரம் இல்லை. விற்பனை 12345 என்று மட்டும் போட்டிருந்தது.

வரைந்த பெண்ணைக் கேட்கலாமென்றால், அவள் பல் பிடுங்கப் போயிருந்தாள். தட்டச்சு படித்த கை அவளுக்கு. யோசிக்கும்போதுகூட விரல்கள் விசைப்பலகையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுத்து மைத்துனனை அழைத்தார். உலகத்தில் அவன் வாங்கிப் பார்க்காத பொருள் கிடையாது.

“யளனகவா மாமா? நானே வச்சிருந்தேன். கேமரா பிரமாதம். சார்ஜ்தான் நிக்காது.”

ஆசிரியர் எட்டிப் பார்த்தார். “என்னய்யா, யளனகவப் போய் விசாரிச்சிட்டு இருக்கே? வெளிநாட்டுக்காரன் பேரு, உனக்கெல்லாம் வாயில நுழையாது. அவங்க முதலாளியும் நானும் ஒரே மேசைல சாப்பிட்டிருக்கோம்.”

விற்றவர் சொல்லியாயிற்று, வாங்கியவன் சொல்லியாயிற்று, முதலாளியோடு சாப்பிட்டவரும் சொல்லியாயிற்று. சரிபார்ப்பவர் தெம்பாகக் கையெழுத்துப் போட்டார். பக்கம் அச்சுக்குப் போய், பத்திரிகையும் வண்டி ஏறிவிட்டது.

வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்த பெண், மேசையில் கிடந்த பத்திரிகையைப் புரட்டினாள். வாயிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

“அய்யய்யோ! அஞ்சாவது கம்பெனி எதுன்னு இன்னும் முடிவே ஆகலியே சார்! சும்மா இடத்த அடைச்சுத்தானே வச்சிருந்தேன்!”

“அப்போ... யளனக?”

“டைப்ரைட்டிங் கிளாஸ்ல முதல் பாடம் சார்!”