மூன்றாவது விசில்

வேப்பமரத்தின் மேல்பொந்தில் மைனா குடிவந்தான். எதிர்வீட்டு அடுப்படியில் கேட்கிற சத்தத்தையெல்லாம் அச்சு அசலாக அடித்துக்காட்டுவான். மத்தியானமானால் குக்கர்தான். "உஸ்ஸ்ஸ்... பீய்ய்ய்ங்!" கீழ்ப்பொந்து அணிலம்மா தன் மூன்று குட்டிகளையும் தூங்கவைக்கிற நேரமும் அதுதான்.

"தம்பி, புள்ளைங்க தூங்கணும்ப்பா!"

"இன்னும் ஒரே விசில்க்கா. பருப்பு வேக வேணாமா?"

எந்தப் பருப்பு? அணிலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு நாள் இலவம்பஞ்சு சுமந்துவந்து, கூரையிலும் சுவரிலும் இடுக்கு விடாமல் திணித்தாள். ஐந்தாம் நாள் மத்தியானம் பொந்துக்குள் பொட்டுச் சத்தம் இல்லை. "அப்பாடா!" என்று காலை நீட்டினாள்.

குட்டிகள் மூன்றும் கொட்டக் கொட்ட விழித்திருந்தன.

"தூங்குங்கடா!"

"மூணு விசில் வரலையேம்மா," என்றது கடைக்குட்டி. "அடுப்பை அணைக்காம எப்படித் தூங்குறது?"

தட்டிக்கொடுத்தாள், மடியில் போட்டு ஆட்டினாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டுத் தானே ஒரு விசில் அடித்துப் பார்த்தாள். பஞ்சரான சைக்கிள் டியூப் மாதிரி வந்தது.

"அக்கா, கேஸ்கட் போட மறந்துட்டீங்க."

இன்றைக்குத் திட்டே விழவில்லையே என்று பார்க்க வந்த மைனா, வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

அணிலம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, கூரையிலிருந்து ஒரு கைப்பிடி பஞ்சை உருவினாள். "மேல போ. மூணோட அணைச்சிடணும், சொல்லிட்டேன்!"

இரண்டாவது விசிலிலேயே குட்டிகள் தூங்கிப்போயின. மூன்றாவதுக்காக அணிலம்மா மட்டும் விழித்திருந்தாள்.